மறந்துவிட்ட வெங்காயக் கட்டு

செல்லம்மா மாமி தலையில் ஒரு பெரிய வெங்காயக் கட்டுடன் வேலிகளுக்கு நடுவிலான ஒழுங்கை வழியாக வந்துகொண்டிருந்தார். காலை வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது.

நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் தோட்டக் கிணற்றடியில் தேயிலைப் பெட்டிப் பலகைகளைப் பரப்பி வைத்துப் படம் கீறிக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் படம் படிப்பித்த வெள்ளைக்கார லோட்டி ரீச்சருக்கு முழங்கை வரையில் நீலம் அப்பியிருந்தது. எங்கள் சட்டம்பியார், அதாவது பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார், மொழிபெயர்க்க எதுவும் இல்லாததால் குடையைப் பிடித்தபடி நின்ற நிலையில் கண்ணயர்ந்திருந்தார்.

என் தகப்பனார் தண்ணீர் இறைக்கிற துலாவுக்குப் பக்கத்தில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்துத் தோட்டக்காரர் கந்தையர் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். வேறு நாலைந்து பேரும் தண்ணீர் இறைக்க முறை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செல்லம்மா மாமி கட்டை இறக்கி ஐயாவின் காலடியில் வைத்தார். அதில் போட்டிருந்த முடிச்சு யாருடையது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஐயா அதற்குச் சொன்ன பதிலையும், அந்தப் பதிலால் எங்கள் வீட்டுக்கு வந்ததையும் எழுதத்தான் இந்தக் கிழமை உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் அதை விளங்கவைக்க வியன்னா நகரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருடமாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் உடுவிலுக்கும் மானிப்பாய்க்கும் நடுவில், இரண்டு ஊராலும் உரிமை கொண்டாடப்படாத ஒரு மூலை. அங்கே ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடம். அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் படம் கீறப் படிப்பிக்க வந்தார்.

வெள்ளைக்காரர் என்றால் இங்கிலீஸ்காரர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். இவருக்கு இங்கிலீஸ் எங்கள் சட்டம்பியாரைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் சட்டம்பியாருக்கு அவரை முதல் நாளே பிடித்துப்போயிற்று.

பெயர் லோட்டி. வயது முப்பது இருக்கலாம். வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே யூதர்கள் இனி வாழ முடியாது என்றானதும் பலஸ்தீனத்துக்குப் போவதாக இருந்து, அதற்கென்று ஒரு பண்ணையில் சில மாதம் தோட்ட வேலையும் பழகியிருக்கிறார். அனுமதிக் கடிதம் வரவில்லை. யாரோ ஒரு மிஷன் டாக்குத்தருக்குத் தெரிந்தவர் மூலமாக எங்களிடம் வந்து சேர்ந்தார். ஒரு தோல் பெட்டியும் ஒரு படப் புத்தகமும் ஒரு சோடி வெள்ளி விளக்குத் தண்டும் கொண்டுவந்தார்.

அந்த விளக்குத் தண்டுகள்தான் அவரை ஊரில் நிலைநிறுத்தின. வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரத்தில் அவர் விளக்கேற்றுவதை அம்மா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற பெண் எந்தச் சாதி எந்தச் சமயம் என்றாலும் குடும்பப் பெண்தான் என்று அம்மா ஊருக்கு அறிவித்தார். சனிக்கிழமை அவர் ஒரு வேலையும் செய்வதில்லை என்றதும் சந்தேகம் முற்றாகத் தீர்ந்தது. சனி பார்த்து நடக்கிற மனிசி. பன்றி இறைச்சியும் தொடமாட்டார் என்று சட்டம்பியார் சொன்னபோது, பாதிச் சைவம் என்று முடிவாயிற்று.

மற்றப் பாதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பலரும் பாதிச் சைவம்தான்.

ஏழு பலகைகள்

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு தோட்டம் இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். ஐயா தன் தோட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு பரப்புக் காணியைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருந்தார். பிள்ளைகளும் தகப்பன்மாரும் சேர்ந்து வெங்காயமும் மிளகாயும் போட்டோம்.

லோட்டி ரீச்சர் அதைக் கண்டதும் பண்ணையில் பழகிய வேலையைக் காட்ட மண்வெட்டியை எடுத்தார். கால் மணி நேரத்தில் அதை ஐயா மரியாதையாக வாங்கிச் சுவரில் சாத்திவைத்தார். ரீச்சருக்குத் தெரிந்தது உருளைக்கிழங்கு கிண்டுவது மட்டும்தான். அவர் கொத்திய இடத்தில் இருந்தது எங்கள் வெங்காயம்.

அதன் பிறகுதான் பலகை யோசனை வந்தது. தன் முன்னோர்களின் தோட்டமுறைகள் ஏழு இருக்கின்றன, அவற்றை ஏழு பலகைகளில் படமாகக் கீறி, அறுவடை முடியும் நாளில் தோட்டத்தைச் சுற்றி நடுவோம் என்றார் ரீச்சர். அவர் கால் மணி நேரம் இங்கிலீசில் சொன்னதைச் சட்டம்பியார் எங்களுக்குத் தமிழில் தந்தார்.

"படம் கீறலாமாம்."

சட்டம்பியாரின் மொழிபெயர்ப்பு எப்போதும் அந்த அளவில்தான் இருக்கும். மிச்சத்தை லோட்டி ரீச்சர் கையாலும் காலாலும் காட்டுவார். இப்படித்தான் மூவாயிரம் வருட வழமை ஒன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது.

நிறத்துக்குக் குறைவில்லை. செம்பாட்டு மண், சுண்ணாம்பு, கரி, மஞ்சள், வேட்டிக்குப் போடும் நீலம். விளாம்பிசினில் கரைத்தோம். தாழம்வேரைத் தட்டித் தூரிகை செய்தோம். அந்தப் பிசின் வாசம் இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் எனக்குக் கை குறுகுறுக்கிறது.

முதல் பலகை, மரத்தில் முதலில் பழுக்கிற பழத்துக்கு நூல் கட்டி அடையாளம் வைத்துக் கடவுளுக்குக் கொண்டுபோவது. இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. நாங்களும் அதைத்தான் செய்கிறோம், நூல் மட்டும் கட்டுவதில்லை. கட்டினால் பழம் இருக்கிற இடம் மற்றவனுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, நட்ட மரத்தின் பழத்தை மூன்று வருடம் தின்னக்கூடாது. பனை நடுகிறவர்களுக்கு இதைச் சொல்லி என்ன பயன்?

மூன்றாவது, ஒரு தோட்டத்தில் இரண்டு பயிரைக் கலந்து போடக்கூடாது. இதைக் கேட்டதும் எங்கள் தகப்பன்மார் வெங்காயத்துக்கு நடுவில் நின்ற மிளகாய்க் கன்றுகளைப் பார்த்தார்கள். பிறகு லோட்டி ரீச்சரைப் பார்த்தார்கள். பயிருக்குப் பயிர் தனித்தனியாக இறைக்க அந்த ஊரில் தண்ணீர் தாராளம் போலிருக்கிறது என்று ஐயா சொன்னார்.

நாலாவது, மாட்டையும் கழுதையையும் ஒரு நுகத்தில் பூட்டக்கூடாது. எங்களில் கழுதையைக் கண்டவன் மன்னாருக்குப் போய்வந்த ஒருவன் மட்டும். அவனே கீறினான். பலகை நட்ட நாளில் எல்லோரும் அந்த ஆட்டைப் புகழ்ந்தார்கள்.

ஐந்தாவது, தோட்டத்து மூலையை அறுக்காமல் ஏழைகளுக்கு விடுவது. ஏழாவது, ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்தைச் சும்மா விடுவது. இந்த ஏழாவதைச் சட்டம்பியார் மொழிபெயர்க்கவே இல்லை. அவருக்கும் தோட்டம் இருந்தது. அந்தப் பலகைக்கு வெறும் செம்மண் பூசினால் போதும் என்பதால் பிள்ளைகளுக்குள் அடிபிடி.

எனக்குக் கிடைத்தது ஆறாவது.

அறுவடை செய்து கட்டிக்கொண்டு வருகிறபோது ஒரு கட்டைத் தோட்டத்தில் மறந்து விட்டுவிட்டால், அதை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. அது புருசன் இல்லாத பெண்ணுக்கும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கும், ஊர் விட்டு வந்தவருக்கும் உரியது.

நான் ஒரு கட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று கேட்டேன். செல்லாது என்றார் லோட்டி ரீச்சர். உண்மையாகவே மறந்திருக்க வேண்டும். இந்த ஒரு தர்மத்தை மட்டும் யாரும் நினைத்துச் செய்ய முடியாது.

மறப்பவரை எங்கே தேடுவது

எனக்குப் பெரிய தலையிடியாகப் போயிற்று. மறந்த கட்டைக் கீறினால் அது கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்தால் எடுத்துவிடுவார்கள். அப்படியானால் மறந்த ஆளைக் கீறு என்றார் ரீச்சர். அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரின் தன்மை அப்படி. பாட்டன் காலத்துக் கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டை யாருக்கு நீட்டாமல் விட்டார்கள் என்பது பேரப் பிள்ளைகள் வரையில் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் என் தகப்பனார் பொன்னையர் ஞாபகத்துக்கே பெயர் எடுத்தவர். யாருடைய வேலி எந்த மழைக்கு முன் எங்கே நின்றது, வேலிக்கு நட்ட கதியால்களில் எது கிளுவைத் தடி, எது பூவரசந் தடி எல்லாம் சொல்லுவார். வேலிச் சண்டை வந்தால் வழக்குக் கோட்டுக்குப் போவதற்கு முன், ஊர்த் தலைமைக்காரரான விதானையார் ஐயாவைத்தான் கூப்பிடுவார். பொன்னையர் சொன்னால் அதுதான் எல்லை. எங்களுக்குப் பெரிய காணி பூமி கிடையாது. அந்தப் பெயர்தான் எங்கள் வீட்டுச் சொத்து.

நான் லோட்டி ரீச்சரிடமே போய், உங்கள் ஊரில் யார் மறப்பார்கள் என்று கேட்டேன். அவர் கனநேரம் கதைத்தார். சட்டம்பியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்கை பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படிச்சவை எல்லாருக்கும் இப்ப தங்களை மறந்துபோச்சாம்," என்றார். "தாயிட்டையிருந்து கடிதம் வந்து நாலு மாசமாம்."

அதைச் சட்டம்பியார் ஏன் சுருக்காமல் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் என் பலகையைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தங்கத்தின் தாய்

இந்த இடத்தில் செல்லம்மா மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பெண் பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் தங்கம். அவளுடைய தாய்தான் செல்லம்மா மாமி. தகப்பன் மலாயாவுக்கு வேலைக்குப் போனவர். முதலில் கடிதம் வந்தது, பிறகு கடிதமும் நின்றது. ஆனால் மாமி யார் கேட்டாலும் அவர் ஒழுங்காக அனுப்புகிறார் என்றே சொல்லுவார். தபால்காரன் அந்த வாசல் படலையைத் தாண்டிப் போகிறதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாமி ஒரு துண்டுத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் போட்டார். அந்த வருட மாரியில் வெள்ளம் நின்று எல்லாம் அழுகிப்போயிற்று. விதைக்கு ஒரு பிடி வெங்காயம்கூட மிஞ்சவில்லை. இந்த அறுவடைக்குள் விதை தேடி வைக்காவிட்டால் துண்டை வேறு ஆளுக்கு விடப்போவதாகக் காணிக்காரர் சொல்லிவிட்டார்.

துண்டு போனால் மாமியும் தங்கமும் சாவகச்சேரியில் மாமியின் தமையன் வீட்டுக்குப் போவார்கள். அங்கே மாமிக்கு அடுப்படி வேலை, தங்கத்துக்குப் பள்ளிக்கூடம் நிற்பாட்டு. இதைத் தங்கமே எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதாகச் சொல்லக்கூடாது என்று தலையில் சத்தியம் வாங்கினாள்.

கொடுத்தால் முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அம்மா ஒருமுறை சுளகில் அரிசி போட்டுக் கொடுத்தனுப்பினார். பொழுதுபடுமுன் அதே சுளகு நிறைய முருங்கையிலை திரும்பி வந்தது. விதை வெங்காயம் வாங்கினால், மலாயாவிலிருந்து ஒன்றும் வருவதில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதைவிட அவர் சாவகச்சேரிக்கே போவார்.

அப்போதுதான் எனக்கு என் ஆறாவது பலகை ஞாபகம் வந்தது. யாரும் கொடுக்காமல், யாரும் கேட்காமல் ஒரு கட்டு கைமாறுகிற வழி அதில் இருந்தது. தங்கத்தை விட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை. தர்மமும் புண்ணியமும் எனக்குத் தெரியாது, அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறக்கப் பழகுதல்

பள்ளிக்கூடத் தோட்டத்தில் அறுவடை தொடங்கியதும் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மறக்கத் தொடங்கினோம்.

முதல் நாள் ஒரு பிடி வெங்காயத்தை மாமியின் வேலியோரம் மறந்தோம். மறுநாள் காலையில் வகுப்புத் தொடங்குமுன் மாமி அதைக் கொண்டுவந்து சட்டம்பியாரின் மேசையில் வைத்தார். பிள்ளைகள் பொருளை எறிந்துவிட்டுப் போகிறார்கள், கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்றார். கவனயீனத்துக்காக எங்கள் மூவருக்கும் கையில் இரண்டிரண்டு அடி விழுந்தது.

இரண்டாம் முறை பெரிதாக மறந்தோம். நாலு பிடியைச் சேர்த்துக் கட்டி வாழைச் சருகால் மூடிவைத்தோம். அதைத் தங்கமே கொண்டுவந்தாள். சட்டம்பியாரிடம் கொடுக்காமல் நேரே என்னிடம் வந்தாள்.

"எங்களை என்னெண்டு நினைச்சனி?" என்றாள்.

அதன் பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. வாங்கில் எனக்கும் அவளுக்கும் நடுவில் புத்தகப் பையை வைத்தாள். சட்டம்பியாரின் அடி வலித்ததைவிட இது எனக்கு வலித்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை.

அம்மா கேட்டார், நான் சொன்னேன். அம்மா ஐயாவுக்குச் சொன்னார். ஐயா சாப்பிட்டு எழும்பிக் கை கழுவினார்.

மறுநாள் பின்னேரம் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தோளில் இருந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு சட்டம்பியாரைக் கூட்டிக்கொண்டு லோட்டி ரீச்சரிடம் போனார். நான் யன்னலுக்கு வெளியில் நின்றேன். எங்கள் ஐயா ஒரு பெண்ணிடம் சந்தேகம் கேட்டதை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

மறந்த கட்டை அந்த மனிசி திரும்பக் கொண்டுவந்து தந்தால் என்ன செய்கிறது என்று கேட்டார்.

லோட்டி ரீச்சர் யோசித்தார். மறந்தவருக்கு அது இனி உரிமை இல்லை, ஆகவே வாங்கக்கூடாது என்றார். ஐயா தலையாட்டினார். பிறகு, அப்படி வாங்காமல் விடுகிறவனை உங்கள் ஆட்கள் என்ன சொல்லுவார்கள் என்று கேட்டார். ஒன்றும் சொல்லமாட்டார்கள், அது சாதாரண விசயம் என்றார் ரீச்சர்.

"அங்கை சாதாரணம்," என்று ஐயா சொன்னார். அதைச் சட்டம்பியார் மொழிபெயர்க்கவில்லை.

இடக்கை முடிச்சு

ஐயா இடக்கைக்காரர். பனைநாரால் கட்டுப் போட்டால் அவருடைய முடிச்சு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். சந்தையில் நூறு கட்டுக்குள் கிடந்தாலும் இது பொன்னையரின் கட்டு என்று குழந்தைப் பிள்ளையும் சொல்லும்.

அடுத்த கிழமை எங்கள் தோட்டத்தில் அறுவடை முடிந்தது. ஒவ்வொரு கட்டாக வண்டியில் ஏற்றினார்கள். கடைசியில் ஐயா தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது வழக்கம். அன்றைக்கும் சுற்றினார். நான் வண்டிக்குப் பின்னால் நின்றேன். செல்லம்மா மாமி நடந்து போகிற ஒழுங்கையோரத்துக் கிழக்கு மூலைக்கு அவர் போனதும், அங்கே சற்று நின்றதும், திரும்பி வந்ததும் தெரியும். என்ன பார்த்தார் என்பது தெரியாது.

மறுநாள் காலை நாங்கள் கிணற்றடியில் பலகைகளுக்கு இரண்டாம் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தபோதுதான் செல்லம்மா மாமி அந்தக் கட்டோடு வந்தார். ஒரு ஆள் சுமக்கக்கூடிய கட்டு. திறம் வெங்காயம், விதைக்கென்றே தெரிந்தெடுத்தது. ஒரு துண்டுத் தோட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

"அண்ணை, உங்கடை கட்டு. தோட்டத்துக்கை விட்டிட்டு வந்திட்டியள்," என்றார் மாமி.

ஐயா கட்டைப் பார்த்தார். குனிந்து முடிச்சையும் பார்த்தார்.

"என்ரை இல்லை, தங்கச்சி."

கிணற்றடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த துலா நின்றது. கந்தையர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"பொன்னையர், உந்த முடிச்சைப் பாரும். உம்மடை இடக்கை முடிச்செல்லோ?"

"எனக்கு ஞாபகமில்லை."

"உமக்கோ?"

"ஓம். எனக்குத்தான்."

ஐயா பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அவருக்குப் பழக்கம் இல்லாததால் நன்றாகவும் சொல்லத் தெரியவில்லை. காது இரண்டும் சிவந்துவிட்டது. 

மாமி முடிச்சிலிருந்து கண்ணை எடுத்து ஐயாவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. கோபப்படப்போகிறார், கட்டைக் கிணற்றுக்குள் போடப்போகிறார் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப இது ஆரின்ரை, அண்ணை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆரும் கேட்டு வராட்டில், கண்டெடுத்த ஆளின்ரை. வேறை என்ன?"

லோட்டி ரீச்சர் என்ன நடக்கிறது என்று சட்டம்பியாரிடம் கேட்டார். கண்ணயர்வு எப்போதோ போய்விட்ட சட்டம்பியார் குடையை மடக்கினார். இரகசியம் போல, நீளமாக, ஒரு சொல்லும் விடாமல் சொன்னார் என்று நினைக்கிறேன். அவ்வளவு நேரம் அவர் மொழிபெயர்த்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

கேட்டு முடித்ததும் ரீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். பிள்ளைகள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு மாமியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பலகையைப் பாருங்கோ," என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் ஐம்பது சொல் இருந்தால் அதிகம்.

நாங்கள் பலகையைப் பார்த்தோம். மாமி கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகும்போது கால் சத்தம் மட்டும் கேட்டது. தங்கம் எனக்குப் பக்கத்தில் இருந்து தன் மூன்றாவது பலகையில் மிளகாய்ச் செடிக்கு ஒன்றன்மேல் ஒன்றாகச் சிவப்புப் பழம் வைத்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அந்தச் செடியில் காய்த்த அளவு பழம் எந்தத் தோட்டத்திலும் காய்த்திருக்காது.

என் பலகையில் கடைசியாக நான் கீறியது ஒரு மனிதரின் முதுகு. தோளில் மண்வெட்டி, வீட்டுப் பக்கம் நடக்கிறார். பின்னால் செம்மண்ணில் ஒரு சின்னக் கட்டு. லோட்டி ரீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் திருத்தவில்லை. மற்ற ஆறையும் திருத்தினார்.

கதியால்

தங்கம் சாவகச்சேரிக்குப் போகவில்லை. மாமியின் துண்டில் சித்திரை முடிவதற்குள் வெங்காயம் பச்சையாக நின்றது. வாங்கில் இருந்த புத்தகப் பையும் எடுபட்டது. நான் வேண்டியது கிடைத்துவிட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சந்தோசம்.

சண்டை தொடங்கியது. லோட்டி ரீச்சரிடம் இருந்தது, வியன்னாவை ஜேர்மன்காரர் பிடித்த பிறகு கொடுத்த ஜேர்மன் கடவுச்சீட்டு. அவரைத் துரத்திய நாட்டின் ஆள் என்று கணக்கிட்டு, எதிரி நாட்டவர் என மலைநாட்டில் ஒரு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். விளக்குத் தண்டுகளை ஒரு சீலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அம்மா வழிக்குப் புட்டுக் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த வருட மாரி விட்டதும் கந்தையர் வேலி அடைத்தார். எங்கள் காணிக்கும் அவருடைய காணிக்கும் நடுவில் உள்ள வேலி. பழைய கதியால் உக்கிவிட்டது என்று புதுக் கதியால் நட்டார். நட்டது பழைய இடத்திலிருந்து ஒரு முழம் எங்கள் பக்கமாக.

ஐயா விதானையாரைக் கூப்பிட்டார். ஊரில் பாதி வந்து நின்றது. வேலிச் சண்டை என்றால் எங்கள் ஊரில் கோவில் கொடியேற்றத்துக்கு வருகிற கூட்டம் வரும். ஐயா வழக்கம்போல இடத்தைக் காட்டி, பழைய கதியால் எங்கே நின்றது, எந்த மரம், எந்த வருடம் நட்டது எல்லாம் சொன்னார். கந்தையர் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. முடியும் வரையில் காத்திருந்தார்.

"விதானையார், இவர் போன மாசியிலை தான் போட்ட முடிச்சைத் தனக்கே தெரியாதெண்டு சொன்ன ஆள். இருபது வரியத்துக்கு முந்தின வேலி மட்டும் என்னெண்டு தெரியும்?"

கிணற்றடியில் அன்றைக்கு நின்ற நாலைந்து பேரும் அங்கேயும் நின்றார்கள். விதானையார் அவர்களைப் பார்த்தார். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அது போதுமான சாட்சி.

"பொன்னையர், மெய்தானோ?" என்று விதானையார் கேட்டார்.

அந்தக் கட்டு என்னுடையதுதான் என்று ஐயா ஒரு சொல் சொன்னால் போதும். வேலி பழைய இடத்துக்குப் போகும், பெயரும் தப்பும். கூட்டத்தில் செல்லம்மா மாமி நின்றார். தங்கத்தின் கை என் கைக்குள் இருந்தது. மாமி சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் ஒரு அடி வைத்தார்.

"விதானையார், நான் ஒண்டு சொல்ல வேணும்."

ஐயா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, உனக்குத் தோட்டத்திலை வேலை கிடக்கும். போய்ப் பார்," என்றார். பிறகு விதானையாரிடம், "மெய்தான். இப்ப எனக்கு முந்தி மாதிரி ஞாபகம் இல்லை," என்றார்.

விதானையார் இரண்டு முறை இருமினார். கந்தையரின் கதியால் நட்ட இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு எந்த வேலிச் சண்டைக்கும் ஐயாவை யாரும் கூப்பிடவில்லை. விதானையார் வழியில் கண்டால் சுகம் விசாரிப்பார், முதியவர்களிடம் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாக. ஐயாவுக்கு அப்போது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. மறக்கச் சொல்லித் தொடங்கியவள் நான்தானே. ஐயா வேகமாக நடக்கிறவர், அன்றைக்கு எனக்காக மெதுவாக நடந்தார்.

"ஐயா, அந்தக் கட்டு எங்கடைதானே?" என்று கேட்டேன்.

"எந்தக் கட்டு, பிள்ளை?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு அசைவும் இல்லை. அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தார். பேரப் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் வேலிகள் எல்லாவற்றின் கதையையும் சொல்லிக் கொடுத்தார், ஒவ்வொரு கதியாலாக. சாகும்வரையில் அந்தக் கட்டு மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.